திரிசங்கு சுவர்க்கம்

சிவமயம்

சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே,

ஒருவன் தந்தை வழி வந்த காணியை விற்றுப் பொருள் திரட்டிப் பிறதேசம் போகப் புறப்படுகின்றான். இடைவழியில் ஏதோ ஒரு நாட்டிலே மறிக்கப்படுகின்றான். முன்னே செல்ல உத்தரவு இல்லை. மீண்டு வர ஊரிலே நிலம் இல்லை. அவனைக் குறித்து நம்மவர் பேசும்பொழுது, "அவன்பாடு திரிசங்கு சுவர்க்கம்" என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுவர். கற்றாரும் கல்லாரும் வழங்கும் மொழி இது. இதன் பிறப்பை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியும் இருக்கின்றோம். ஆயினும் அக்கதையைச் சற்று நின்று நோக்கினால், அது திரிசங்கு ஒருவனைப் பற்றியதன்று, அவனுக்கு வாய்த்த ஆசிரியர்களையும் பற்றியது என்பது விளங்கும். அதுபற்றியே இவ்வுரை உங்கள் முன் வைக்கப்படுகின்றது.

முதலில் ஒரு தடை. இக்காலத்தார் பலர், மனந்துணியாது அங்குமிங்கும் அலைபவனையே திரிசங்கு என்பர். அது பொருந்தாது. திரிசங்கு ஒருபொழுதும் மனம் அலைந்தவனல்லன். ஒன்றை நினைத்தான், ஒருவர் மறுக்க மற்றொருவரிடம் போனான், அவரும் மறுக்க மூன்றாமவரிடம் போனான், உருவம் மாறியபின்னும் நினைத்ததை விட்டானல்லன். அவனிடத்தில் இல்லாதது உறுதியன்று.

வான்மீகி முனிவர் இராமாயணத்துப் பாலகாண்டத்திலே இவ்வரலாறு வருகின்றது. மிதிலையிலே கௌதமர் குமாரராகிய சதானந்தர், இராமருக்கு விசுவாமித்திரர் பெருமையை எடுத்துரைக்கும்பொழுது இதனைச் சொல்லுகின்றார். திரிசங்கு இக்குவாகு வம்சத்து அரசன், மெய்யே பேசுபவன், வேள்விகள் பல செய்தவன். அவனுக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. இவ்வுடம்போடே சுவர்க்கம் புகவேண்டும், அதற்கு ஒரு வேள்வி செய்யவேண்டும் என்பதே அது. குலகுருவாகிய வசிட்டரிடம் சென்று சொன்னான். அவர் "இயலாது" என்றார். அவன் தென்றிசையிலே தவஞ்செய்துகொண்டிருந்த அவர் குமாரர் நூற்றுவரிடம் போனான். அவர்கள், "எங்கள் தந்தையார் இயலாதென்றதை நாங்கள் இயற்றுவது எங்ஙனம்? ஊர் போய்ச் சேர்" என்றார்கள். "அங்ஙனமாயின் வேறு புகலிடம் தேடிக்கொள்வேன்" என்று அவன் சொல்ல, அவர்கள் வெகுண்டு சபித்தார்கள். ஓர் இரவு கழிந்தது. பொழுது புலர, அரசன் மேனி கறுத்தது, ஆடை கறுத்தது, பொன்னணிகள் இரும்பாயின. அமைச்சரும் நகர மாந்தரும் அவனைக் கண்டு விலகி ஓடினர். நேற்றுவரை அவன் நிழலில் நின்றவர்கள் அவர்கள். மேனியும் ஆடையும் மாறியதற்காக மனிதனை விட்டு விலகிய அவர்களுடைய செயலை நாம் புகழ்வதற்கில்லை.

அவன் தனியனாய் நடந்து விசுவாமித்திரரிடம் வந்தான்.

விசுவாமித்திரர் அப்பொழுது எந்நிலையில் இருந்தார் என்பது அறியப்படவேண்டும். அவர் முன்னே அரசர். வசிட்டரின் பசுவை விரும்பிப் படையெடுத்துச் சேனையையும் மைந்தரையும் இழந்தவர். மகாதேவரை நோக்கித் தவஞ்செய்து அத்திரங்கள் பெற்று வந்து, அவையெல்லாம் வசிட்டரின் ஒரு தண்டத்துக்கு முன் அவிந்துபோகக் கண்டவர். அதன்பின், வசிட்டர் எய்திய பிரமரிஷி என்னும் நிலையைத் தாமும் எய்துவேன் என்று தவத்தில் அமர்ந்தார். ஆயிரம் வருடங் கழித்துப் பிரமதேவர் தோன்றி "நீ இராஜரிஷி" என்று மாத்திரம் சொல்லிப் போயினார். அப்பட்டம் அவருக்குப் பெருமையாகத் தோன்றவில்லை, புண்ணாகவே தோன்றிற்று. அப்புண் ஆறாத காலத்திலேதான், "வசிட்டர் என்னைக் கைவிட்டார்" என்று சொல்லிக்கொண்டு திரிசங்கு அவர் முன் வந்து நின்றான்.

அவர் இரங்கினார் என்றே முனிவர் பாடுகின்றார். அவ்விரக்கம் பொய்யென்று நாம் சொல்லோம். துயருற்று வந்தவனை ஏற்றுக்கொண்டது பெருஞ்செயலே. அரிவமிசமோ, திரிசங்கு இளமையிற் காட்டில் இருந்தபொழுது, பஞ்சத்திலே விசுவாமித்திரரின் மனைவி மக்களைக் காத்து உணவளித்தான் என்றும் கூறும். தந்தையின் வெறுப்பு, குருவின் பசுவைக் கொன்றமை, விலக்கப்பட்ட ஊனை உண்டமை என்னும் மூன்று குற்றங்கள் மூன்று முளைகள்போல அவனிடம் தைத்தமையால் அவனுக்குத் திரிசங்கு எனப் பெயர் வந்தது என்பதும் அந்நூல் வழக்கு. நன்றி மறவாமை விசுவாமித்திரரிடம் இருந்தது என்று கொள்வதற்கு இஃது இடமாகும். ஆயினும் இரக்கத்தோடும் நன்றியோடும் வேறொன்றும் அவர் நெஞ்சிற் கலந்திருந்தது. வசிட்டர் இயலாதென்றதை இயற்றிக் காட்டுதல் என்பதே அது.

வேள்வி தொடங்கிற்று. முனிவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களிற் பலர் வந்தது உடன்பாட்டினாலன்று, அச்சத்தினாலே. "இவர் கோபி, மறுத்தாற் சபிப்பார், ஆதலால் நடத்துவோம்" என்று தம்முட் பேசிக்கொண்டே இருக்கையில் அமர்ந்தார்கள். (தலைமை வகிப்பவர் முகத்தைப் பார்த்துக் கைதூக்கும் கூட்டங்கள் அக்காலத்திலும் இருந்தன போலும்.) வர மறுத்த வசிட்ட குமாரர் சாபத்துக்கு இரையாயினர். அவிர்ப்பாகம் கொள்ளத் தேவர் ஒருவரும் வரவில்லை. விசுவாமித்திரர் வெகுண்டு, நெய்சொரியும் சுருவத்தை உயர்த்தி, "என் தவத்தின் வலியைப் பார், நீ உடம்போடு மேலே செல்" என்றார். அவர் சொல்லைக் கவனியுங்கள். அவன் வேட்கையைப் பாரென்றாரல்லர், தம் தவத்தைப் பாரென்றார். அரசன் எல்லாரும் காண மேலே எழுந்தான். இந்திரன், "உனக்கு இங்கே இடம் இல்லை, தலைகீழாய் வீழ்" என்று தள்ளினான். வீழ்கின்றவன் ஓலமிட, முனிவர் "நில், நில்" என்றார். அவன் நின்றான், தலை கீழாக.

அதன்பின் நடந்ததில் அவனுக்குப் பங்கு இல்லை. முனிவர் தென்வானிலே வேறு ஏழு முனிவரையும் வேறு நட்சத்திர வரிசையையும் படைத்தார். வேறோர் இந்திரனையும் படைப்பேன், அல்லது இந்திரனே இல்லாத உலகம் செய்வேன் என்று எழுந்தார். தேவர்கள் வந்து இரந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். படைத்த மீன்கள் இருக்கட்டும். திரிசங்குவும் அவற்றின் நடுவே, தலைகீழாகவே, ஒளியோடு இருக்கட்டும் என்பது உடன்படிக்கை. இரு திறத்தாருக்கும் மானம் காக்கப்பட்டது. தொங்குகின்றவனைக் கேட்டார் இல்லை. விசுவாமித்திரரோ, தென்றிசையில் தவத்துக்கு இடையூறு நேர்ந்தது என்று சொல்லி, மேற்றிசைப் புட்கரத்துக்குப் போய்விட்டார்.

இக்காலத்தார் பலர் திரிசங்கு என்று காட்டுவது தெற்கே சிலுவைபோல் தோன்றும் நான்கு மீன்களை. வைகாசி மாதத்து முன்னிரவிலே, யாழ்ப்பாணத்தில் நின்று தென்றிசை நோக்குவார்க்கு அவை அடிவானத்தின் மேலே தாழ்ந்து தோன்றும். மாணாக்கருக்குக் காட்டத்தக்கன.

இனி, திரிசங்கு விரும்பியது யாது? சுவர்க்கம் என்று விடை கூறுவோம். அது பாதி விடை. மெய் பேசி, வேள்வி செய்து, குடிகாத்த அரசனுக்கு இறந்தபின் சுவர்க்கம் கிடைக்கும் என்பதே அக்காலத்தார் நம்பிக்கை. அவனுக்கும் அது உரியதே. அவன் வேண்டியது சுவர்க்கத்தையன்று. எல்லாரும் உடம்பை விட்டுப் போகும் இடத்துக்குத் தான் மாத்திரம் உடம்போடு போதலை. அஃதாவது, தனக்கென ஒரு விலக்கு. தான் போவதைப் பிறர் காணவேண்டும். போகின்றவன் இன்னான் என்று அறியவேண்டும். உடம்பு இல்லாவிட்டால் அறிவாரில்லையே! உயர விரும்புதல் குற்றமன்று. உயர்வோடு "நான்" என்பதையும் தூக்கிக்கொண்டு போக விரும்பியதே அவனுக்குச் சுமையாயிற்று. நம்முடைய சித்தாந்த நூலார் இதனை ஆணவம் என்று பெயரிட்டு, மற்றை மலங்களுக்கெல்லாம் முன்னே வைத்தனர். சுவர்க்கமோ, அவர்கள் கருத்திலே, செய்த புண்ணியம் செலவாகும் வரை தங்கும் இடம்; அது முடிந்த முடிபன்று. முடிவில்லாத ஒன்றுக்கு உரிய உயிர், முடியும் ஒன்றை வேண்டி இத்துணை வருந்திற்று என்பது நினைக்கத்தக்கது.

இதனை அவனுக்கு ஒருவராயினும் சொன்னாரா? இதுவே எமது வினா. வசிட்டர் "இயலாது" என்றார். ஏன் இயலாது என்று விளக்கியதாக நூலில் இல்லை. பேராசிரியர் ஒருவரை நாம் குறைகூறத் துணியோம். ஆயினும் காரணம் கூறாத மறுப்பு மாணாக்கனை அடுத்த வாயிலுக்கு அனுப்பும் என்பது நம் வகுப்பறைகளில் நாம் நாடோறும் காண்பது. அவர் குமாரர்கள் கேள்வியையே குற்றமாக்கித் தண்டித்தார்கள். விசுவாமித்திரர் கேட்டதைக் கேட்டபடி கொடுக்க முயன்றார். மூவகை ஆசிரியரையும் கண்ட அவ்வரசனிடம், "மகனே, உடம்போடு போகவேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றிற்று?" என்று வினாவியவர் எவருமிலர். ஒருவர் வினாவியிருந்தால், விடை தேடும்பொழுதே அவன் தன்னைக் கண்டிருத்தல் கூடும்.

இனி நம்மை நோக்குவோம். ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிற் பரீட்சை என்று ஒன்று நடக்கின்றது. எழுதுகின்ற பிள்ளைக்கு வயது பத்து. ஏழைப் பிள்ளைக்கு அதனால் நல்ல வித்தியாசாலையும் உபகாரப் பணமும் கிடைத்தல் உண்டு. அதனை இகழ்வார் ஏழைகளின் வருத்தம் அறியாதார். ஆயினும் பெறுபேறு வந்த மறுநாள் வீதியிலே நடந்து பாருங்கள். சித்தியெய்திய பிள்ளைகளின் படங்கள் பெரிய பதாகைகளில் அச்சிடப்பட்டுத் தொங்குகின்றன. அவற்றிலே பெரிய எழுத்தில் இருப்பது பிள்ளையின் பெயரா, கற்பித்தவர் பெயரா? "என் தவத்தின் வலியைப் பார்" என்று சுருவத்தை உயர்த்தியது ஒரு முனிவர் மாத்திரமன்று.

வினாத்தாளின் தந்திரங்களை நெட்டுருப்பண்ணி அதிகப்புள்ளி பெற்ற பிள்ளை, தன் ஊரையும் தோழரையும் விட்டுப் பட்டினத்துப் பெரிய பாடசாலைக்கு அனுப்பப்படுகின்றது. அங்கே பாடத்தைத் தானே விளங்கிப் படிக்கவேண்டும். அதற்கு அதனைப் பழக்கினவர் இலர். அங்கு இருக்க இயலவில்லை. ஊருக்கு மீள வெட்கம். பெற்றோர் பெருமையும் ஆசிரியர் பெருமையும் காக்கப்பட்டன, தொங்குகின்றவரைக் கேட்பாரில்லை. ஏற்றிவிட்ட ஆசிரியரோ அடுத்த வருடத்து மாணாக்கரோடு வேறு திசைக்குப் போய்விட்டார். அடுத்த சாலைக்காரர் "இப்பிள்ளை தேறமாட்டாது" என்று சொல்லியிருந்ததைப் பொய்யாக்கவேண்டும் என்னும் நினைவு, நம்மில் ஒருவருக்கேனும் அப்பிள்ளையை ஏற்றிய நாளில் இருந்ததா என்று அவரவர் நெஞ்சே அவரவர்க்குச் சான்று.

விசுவாமித்திரரின் பிற்காலத்தையும் ஒரு சொல்லாற் கூறுவோம். திரிசங்குவுக்காகவும் சாபங்களுக்காகவும் செலவிட்ட தவத்தை அவர் மீண்டும் முதலிலிருந்து தேடினார். மேனகையினாற் கெட்டார், அரம்பையைச் சபித்துக் கெட்டார். பின் சினத்தைக் கட்டி, நெடுங்காலம் மௌனமாய் இருந்து, நோன்பு முடித்து உண்ண எடுத்த சோற்றையும் மறையவன் வடிவில் வந்த இந்திரனுக்கு வாய்திறவாது கொடுத்துவிட்டார். அப்பொழுதே பட்டம் வந்தது; வசிட்டரும் வந்து அதனை உடன்பட்டார். "வசிட்டர் வாயாற் பிரமரிஷி" என்னும் மற்றைப் பழமொழி இதிலே பிறந்தது. வசிட்டரை வெல்ல நினைத்த காலமெல்லாம் கிடையாதது, அந்நினைவு அடங்கியபின் கிடைத்தது. இடையிலே சபிக்கப்பட்டவர்களுக்கும் தொங்கவிடப்பட்டவனுக்கும் அதனால் ஆயது ஒன்றும் இல்லை.

நம் திருத்தொண்டர் புராணத்திலே உடம்பு, தலைகீழ், அழையாது செல்லல் என்னும் இம்மூன்றும் வேறு விதமாக வந்து நிற்பதைக் காண்மின்கள். ஆறுமுகநாவலரவர்கள் 1852 ஆம் ஆண்டிலே வெளியிட்ட பெரியபுராண வசனத்தை வகுப்பிற் படிப்பிப்பவர்களுக்கு இவை புதியனவல்ல; இக்கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தலே வேண்டுவது.

காரைக்காலம்மையார், கணவன் தம்மை மானுடமல்லர் என்று வணங்கி விலகியபின், அவன்பொருட்டுத் தாங்கிய அழகிய ஊனுடம்பைக் கழித்தருளும்படி இறைவரை வேண்டிப் பேய்வடிவம் பெற்றார். திரிசங்கு பற்றி நின்றதை அம்மையார் வேண்டாமென்று உதறினார். கயிலை நெருங்கியபொழுது, அம்மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையாலே நடந்தார். அவனுக்குத் தண்டனையாக வந்த அக்கோலத்தை, அவர் அன்பினாலே தாமே மேற்கொண்டார். உமாதேவியார் கண்டு வியந்து வினாவ, "நம்மைப் பேணும் அம்மை" என்று இறைவர் உணர்த்தி, அருகணைந்தபின் "அம்மையே" என்று அழைத்து, வேண்டுவது யாதென்று கேட்டருளினார். எல்லாம் அறிந்தவர் கேட்டார்! அவர் வேண்டியது இடமன்று, பட்டமன்று. அழியாத அன்பு, பிறவாமை, பிறப்பு உண்டாயின் மறவாமை, ஆடும்பொழுது திருவடியின் கீழ் இருத்தல் என்பனவே.

சேரமான்பெருமாணாயனாரோ திரிசங்குவைப்போல அரசர். அவனைப்போல அழைக்கப்படாது போனவர். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருவஞ்சைக்களத்திலே வெள்ளையானை வந்தது. கொடுங்கோளூரில் இருந்த சேரமான் அதனை உணர்ந்து, பக்கத்தில் நின்ற குதிரையின்மேல் ஏறி ஓடிவந்தார். தோழர் வானிலே செல்வதைக் கண்டார். குதிரையின் செவியிலே திருவைந்தெழுத்தை ஓதினார். அது வானத்தில் எழுந்தது. கயிலையைச் சென்று சேர்ந்து, உள்வாயிலிலே அவர் தடைப்பட்டு வெளியே நின்றார். சுந்தரர் உள்ளே புகுந்தார்.

திரிசங்கு தடுக்கப்பட்ட அவ்விடத்துக்கு இஃது ஒப்பு. அங்கே துணைவராய் இருந்தவர் வெகுண்டு, வேறு சுவர்க்கம் படைக்கப் புகுந்தார். இங்கே துணைவர் திருவடியிலே வீழ்ந்து, "சேரமான் வாயிற்புறத்தில் நிற்கின்றார்" என்று விண்ணப்பஞ் செய்தார். நிற்கின்றவரும் ஓலமிடவில்லை, பழைய வேள்விகளைக் கணக்குச் சொல்லவில்லை, நின்றார். சுவாமி நந்தியைக் கொண்டு அழைப்பித்து, திருமுறுவல் செய்து, "இங்கே நாம் அழையாதிருக்க நீ வந்தது எதனால்?" என்று வினாவியருளினார். இந்த வினாவையே அயோத்தி அரசனிடம் ஒருவரும் வினாவாது விட்டனர். சேரமான், ஆரூரர் ஏறிவந்த யானையின் முன்னே தாம் பணிந்து வந்ததையும், திருவருள் வெள்ளமே தம்மை அங்கே கொண்டுவந்து விட்டதையும் சொல்லி, தாம் பாடிய திருவுலாவைக் கேட்டருளவேண்டும் என்று வேண்டினார். சுவாமியும் "சொல்லுக" என்றருளிக் கேட்டார். அத்திருக்கைலாயஞானவுலாவை அங்கே கேட்டிருந்த மாசாத்தனார், பின் திருப்பிடவூரிலே அதனை வெளிப்படுத்தினமையால், அது மண்ணுலகத்தாராகிய நமக்கும் ஓதக் கிடைத்திருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்